கோட்டோரம் ஓடிய மாமா

மூன்று நாற்காலிகள். நடு நாற்காலிக்கு மட்டும் கை இருந்தது. அதில் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைமாறியபோது மெட்ராஸிலிருந்து வந்தவர். அவருக்கு வலப்பக்கம் மிசியே லூர்து, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே இலாகாவில் இருக்கும் பழைய அதிகாரி. இடப்பக்க நாற்காலியில் இன்ஸ்பெக்டரின் தொப்பி.

நான் தொப்பிக்குப் பின்னால் நின்றிருந்தேன், கையில் குறிப்பெழுதும் அட்டையோடு. இலாகா வரிசையில் எனக்கும் அந்தத் தொப்பிக்கும் யார் மேல் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

எதிரே மைதானம். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. புல் இருந்த இடமெல்லாம் வழுக்கல், இல்லாத இடமெல்லாம் சேறு. கடற்காற்றில் எல்லோருடைய காகிதமும் பிசுபிசுத்தது. அந்தச் சேற்றின் நடுவில் என் அக்கா புருஷன் கோதண்டம் அரைக்கால் சட்டையோடு நின்றார். முப்பத்திரண்டு வயது. உடைந்து, பிறகு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்ட மூக்கு. இடது முட்டியில் ஒரு கட்டு. காலடியில் புத்தம் புதுக் கால்பந்து.

"ம், ஆரம்பிங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா குனிந்து பந்தைக் கையில் எடுத்தார்.

கால்பந்து தெரிந்த டிரில் மாஸ்டர் வேலைக்கு வந்தவர் முதல் காரியமாகப் பந்தைக் கையில் எடுத்தால், கல்யாண மாப்பிள்ளை தாலியைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தொப்பியைப் பார்த்தேன்.

இந்தத் தொடரில் நான் ஊரையெல்லாம் நக்கல் செய்துவிட்டு என்னை மட்டும் பத்திரமாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன் என்று கதிர்காமத்து வாசகர் ஒருவர் கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த வாரம் அவர் ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

அன்று அந்த வேலை கிடைத்தால் மாமா ஊரோடு இருந்துவிடுவார். கிடைக்காவிட்டால் பிரான்ஸுக்குத் திரும்பிப் போவார். அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் இங்கே சர்க்கார் வேலை இல்லை. கொடுக்காவிட்டால் அங்கே எதுவும் இல்லை. அந்த ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. அக்கா ருக்குமணியோ கப்பல் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏழு வருஷம் பிரிந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் இனி ஒரு வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது அந்தப் புதுப் பந்திடம் விடப்பட்டிருந்தது.

மில் கேட்டு

மாமா எப்படி ஓடக் கற்றுக்கொண்டார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பிரான்ஸில் ஒரு கர்னல் கற்றுக்கொடுத்தாராம். எல்லாம் புளுகு. கற்றுக்கொடுத்தது மில் சங்கு.

முதலியார்பேட்டையில் பாதி வீடுகள் அந்தச் சங்குக்குத்தான் எழுந்திருக்கும். மூன்றாவது சங்கு ஊதி முடிந்ததும் காவலாளி கேட்டை இழுத்து மூடுவான். மூடிவிட்டால் அன்றைய கூலி இல்லை. மாமா தூக்கப் பிரியர். இரண்டாவது சங்குக்குக் கண் திறந்து, மூன்றாவது சங்குக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி மிச்சமிருக்கும்போது ஒருக்களித்து உள்ளே நுழைவார். காவலாளி சட்டையைப் பிடிப்பான். சட்டை அவன் கைக்கு வரும், ஆள் தறிக்குப் போயிருப்பார்.

என் அப்பா அதே மில்லில் ஃபிட்டர். நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் போகிறவர். இப்படி ஓடுகிற ஒருவனுக்கு ஏன் பெண்ணைக் கொடுத்தார் என்பதற்கு அவர் கடைசிவரை நேரான பதில் சொல்லவில்லை. "உழைக்கிற ஓட்டம்னு நெனச்சேன்டா" என்பார்.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் மாமா மில்லை விட்டுவிட்டு பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே கேட் மூடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினபோது சிப்பாய்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். "மூணு வருஷம், ருக்கு. போய்ட்டு வந்துட்றேன்" என்றார் மாமா. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அரசாங்கங்களே சொன்ன சொல்லைக் காப்பாற்றாத அந்த வருஷத்தில் ஒரு சிப்பாய் சொன்னதை அவள் நம்பினாள்.

வரி போட்ட சட்டை

முதல் இரண்டு வருஷம் கடிதம் ஒழுங்காக வந்தது. அதன் பிறகு ஒரு போட்டோ வந்தது. அதில்தான் வினை.

பதின்மூன்று தடியர்கள் இரண்டு வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோருக்கும் குறுக்கே பட்டை பட்டையாக வரி போட்ட சட்டை. பாதிப் பேருக்கு மூக்கு சரியில்லை, இருவருக்குப் பல் இல்லை. கடைசி ஆளாக, கறுப்பாக, மெலிந்து, நம் மாமா. பின்னால் உயரமான மதில்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எந்த ஜெயிலு, எழுதியிருக்கானா?" என்று கேட்டார்.

எழுதியிருந்தார். பட்டாளத்திலிருந்து வெளியே வந்துவிட்டாராம். தெற்குப் பிரான்ஸில் ஒரு சின்ன ஊர். வாரத்தில் ஆறு நாள் பழத்தை டப்பாவில் அடைக்கிற ஃபாக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம். ஃபாக்டரி முதலாளிதான் ஆட்டச் சங்கத்துக்கும் தலைவர். ஆட்டத்துக்குச் சம்பளம் உண்டு.

நான் கடிதத்தை இந்த இடத்தில் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது.

"ஆட்றதுக்குக் கூலியா?" என்றார் அப்பா.

"ஆமாம்பா. தொழில்முறை ஆட்டக்காரர்னு எழுதியிருக்கார்."

"வேலைக்குக் கூலி குடுப்பான். அதுவும் நாலு தபா கேட்டா குடுப்பான். வெளையாட்றதுக்கு எந்த மொதலாளிடா கூலி குடுக்கறான்? நான் யூனியன்ல இருந்தவன்டா. எங்கிட்டயா?"

தெருவில் இதற்கு வேறு விளக்கம் கிடைத்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரியோடு குடும்பம் நடத்துகிறான், அதை மறைக்கப் பந்து, பழம் என்று கதை விடுகிறான் என்று முடிவு கட்டினார்கள். குழாயடியில் அந்த வெள்ளைக்காரிக்குப் பெயர் வைத்து, இரண்டு குழந்தையும் பெற்றுக் கொடுத்துவிட்டார்கள். முதலியார்பேட்டையின் கற்பனை வளத்தைப் பார்த்த பிறகு நான் எழுத்தாளனாகியிருக்கக் கூடாது, அவ்வளவு போட்டி.

அக்கா போட்டோவை டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில், முகம் கீழே இருக்கும்படி வைத்தாள்.

பார்தோன்

அந்த ஆட்டத்தைப் பற்றி மாமா பிற்பாடு சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம், ஆனால் அடுத்து நடப்பது புரியாவிட்டால் எனக்குக் கடிதம் போடக்கூடாது.

அது ரக்பி குடும்பத்து ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி ஒன்று உண்டு; அதிலிருந்து சண்டை போட்டுப் பிரிந்த தம்பி இது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பிரான்ஸில் பெரியவன் பெயரைச் சின்னவன் வைத்துக்கொள்ளக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். அதனால் வெறுமே 'பதின்மூவர் ஆட்டம்' என்று பெயர். பந்து முட்டை வடிவம். கையில் வைத்துக்கொண்டு ஓடி, எதிரியின் எல்லைக்கு அந்தப்புறம் தரையில் அழுத்த வேண்டும். கூட்டாளிக்குப் பந்தைக் கொடுக்கலாம், ஆனால் தனக்குப் பின்னால் வருகிறவனுக்கு மட்டும். முன்னேறுவதற்காகப் பின்னால் தள்ளிவிடும் இந்தத் தத்துவம் எனக்குப் புதிதல்ல. எங்கள் இலாகாவில் கோப்புகள் அப்படித்தான் முன்னேறின.

இரண்டு கோட்டோரங்களிலும் ஓரத்துக்கு ஒருவர் நிற்பார்கள். அவர்கள்தான் விங்கர்கள். நடுவே இருப்பவர்கள் மாடு முட்டுகிற மாதிரி முட்டிக்கொண்டு கிடக்கும்போது விங்கர் ஓரத்தில் குளிரில் நின்று கையில் ஊதிக்கொண்டிருப்பார். பந்து எப்போது வரும் என்று தெரியாது. சில ஞாயிறு வரவே வராது. வந்தால், கோட்டுக்கும் எதிரிக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருக்கும். அதில் நுழைந்து ஓட வேண்டும். கால் கோட்டை மிதித்தால் போச்சு.

"மில்லு கேட்டுதான் மச்சான். காவக்காரனுங்க கொஞ்சம் குண்டா இருப்பானுங்க, அவ்வளவுதான்" என்றார் மாமா.

ஆடிய வருஷங்களில் முக்கால்வாசி நேரம் அவர் செய்தது குளிரில் சும்மா நின்றதுதான் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அதற்கா கப்பல் ஏற வேண்டும்? எங்கள் இலாகாவில் மின்விசிறிக்கடியில் நின்றிருக்கலாம். மாமா சிரித்தார். அவர் சிரித்தால் மூக்கு வேறு பக்கம் போகும்.

முதல் ஆட்டத்தில் நடந்ததை அவரே சொன்னார். பந்து கைக்கு வந்தது. எதிரே வந்தவனை உள்ளங்கையால் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினார். அவன் மல்லாந்து விழுந்தான். மாமா ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி "பார்தோன், மிசியே" என்றார். புதுச்சேரியில் ஆபீசருக்கு வழிவிட்டுப் பழகிய வாய். அடுத்தவனையும் தள்ளினார், அவனுக்கும் ஒரு மன்னிப்பு. மைதானமே சிரித்ததாம். அந்த ஊர்ச் சனங்கள் அதன் பிறகு அவரை மிசியே பார்தோன் என்றே கூப்பிட்டார்கள். பந்து அவர் பக்கம் வந்தால் கூட்டம் முழுக்கச் சேர்ந்து "பார்தோன்!" என்று கத்தும். அது இரண்டு நல்ல வருஷம் நீடித்தது. உள்ளூர்ப் பத்திரிகை வாராவாரம் அவர் பெயரைப் போட்டது, வாரத்துக்கு ஒரு விதமாக.

பிறகு மூக்கு. பிறகு தோள்பக்கத்துக் காறை எலும்பு. பிறகு ஒரு மழை நாளில், கோட்டோரம் திரும்பும்போது, முட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. விங்கரின் தொழில் வாழ்க்கை முட்டியின் ஆயுள் வரைதான். அந்தச் சட்டையை ஒரு குடியானவன் வீட்டுப் பையன் போட்டுக்கொண்டான். மாமா டப்பா ஃபாக்டரியில் மட்டும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு வெளியே நின்று மற்றவர்களோடு சேர்ந்து கத்தினார். அறுபத்தொன்று கடைசியில் ஊர் வந்து சேர்ந்தார்.

மூன்று வருஷம் என்று போனவர் ஏழு வருஷம் கழித்து வந்தால் பெண்டாட்டி என்ன செய்வாள்? அக்கா சோறு போட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வேல ஒண்ணும் கெடைக்கலன்னா அங்கயே போயிடலாம் ருக்கு. மொதலாளி கூப்புட்றாரு" என்று மாமா சொன்னபோது மட்டும், "நீங்க போங்க. நான் கப்பல் ஏற மாட்டேன்" என்றாள். அங்கே போய் அந்த இன்னொருத்தியை நேரில் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. இன்னொருத்தி இல்லை என்று மாமா சத்தியம் செய்தார். செய்யத்தான் செய்வார் என்றது குழாயடி.

அட்டவணை

இப்போது என் பங்கு.

நான் அப்போது கல்வி இலாகாவில் மொழிபெயர்ப்பு எழுத்தர். நிர்வாகம் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தது. எங்கள் வேலைக்கு ஒரு வேதம் இருந்தது: மெட்ராஸிலிருந்து வந்த சைக்ளோஸ்டைல் அட்டவணை. இடப்பக்கம் பிரெஞ்சுச் சொல், வலப்பக்கம் அதற்கு ஏற்கப்பட்ட இங்கிலீஷ். அட்டவணையில் இருப்பதை மட்டும்தான் எழுதலாம். இல்லாத சொல் வந்தால் குறிப்பெழுதி அனுப்ப வேண்டும். குறிப்பு மெட்ராஸ் போகும், அங்கே ஓய்வெடுக்கும், பதில் வரும்போது கேட்டவர் ரிடையராகி இருப்பார். ஆகவே இலாகாவில் யாரும் குறிப்பெழுதுவதில்லை. பக்கத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். ஊரில் அந்த வருஷங்களில் மணியக்காரர்கள் மேயர்களாகவும் மருத்துவச்சிகள் டாக்டர்களாகவும் ஆனது இப்படித்தான்.

டிரில் மாஸ்டர் வேலைக்கு மாமா மனுப் போட்டார். கூடவே சங்கத் தலைவர் கையெழுத்திட்ட பிரெஞ்சுச் சான்றிதழ்: இவர் எங்கள் சங்கத்தில் பதின்மூவர் ஆட்டத்தின் இடது ஓர ஆட்டக்காரராகத் தொழில்முறையில் ஆடியவர், நல்லொழுக்கம் உள்ளவர். மொழிபெயர்க்க என் மேஜைக்கே வந்தது; இங்கிலீஷ் மனுவையும் மாமாவுக்காக நானே எழுத வேண்டியிருந்தது.

அட்டவணையைத் திறந்தேன். கால்பந்து, ஹாக்கி, வாலிபால், கயிறு இழுத்தல். பதின்மூவர் ஆட்டம் இல்லை. அப்படியே எழுதினால் சீட்டாட்டம் என்று நினைப்பார்கள். மனுவுக்குக் கெடு இரண்டு நாள்தான் இருந்தது. நான் கெட்டிக்காரன். இரண்டிலும் 'கால்பந்து' என்று எழுதி, 'தொழில்முறை'யை விழுங்கிவிட்டு, முத்திரை குத்தினேன்.

"எல்லாம் சரியா எழுதிட்டியா மச்சான்?" என்று மாமா கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"ஜம்முனு எழுதிட்டேன் மாமா" என்றேன்.

ஆடிக் காட்டச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் இலாகாவில் அதுவரை யாரையும் எதையும் செய்து காட்டச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் வீட்டில் இருந்திருப்போம்.

சேற்றில்

"பந்தை எதுக்குக் கையில எடுத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க ஆட்டம் கையாலதான் சார்."

"கால்பந்து கையாலயா?"

"கால்பந்து இல்லைங்க சார். பதின்மூணு பேர் ஆட்டம்."

மிசியே லூர்து கையை நீட்டினார். நான் மாமாவின் மனுக் கோப்பைக் கொடுத்தேன். இங்கிலீஷ் தாளைப் புரட்டிவிட்டு அடியில் இருந்த பிரெஞ்சு மூலத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் மூக்கு சுருங்கியது.

"நான் பாரிஸ்ல படிச்சப்ப கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். "கௌரவமானவங்க ஆட்றது பதினஞ்சு பேர் ஆட்டம். இது காசுக்கு ஆட்றவங்க கோஷ்டி. நீங்க காசு வாங்கினீங்களா?"

"ஆமாங்க மிசியே" என்றார் மாமா. "வேலதானுங்களே அது."

"பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு எதைச் சொல்லிக் குடுப்பீங்க? காசு வாங்கவா?"

மிசியே லூர்து அன்றைய தேதியில் மூன்று விதமான படி வாங்கிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று குதிரைக்கு. குதிரை செத்துப் பல வருஷம்.

"மனுவுல கால்பந்துன்னு இருக்கே?" என்று இன்ஸ்பெக்டர் மாமாவிடம் தாளை ஆட்டினார்.

மாமா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. அவருக்கு அந்த வினாடியில் எல்லாம் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஓடிவருகிற ஆள் எந்தப் பக்கம் சாய்வான் என்று பார்த்தே பழகிய கண்.

நான் வாயைத் திறந்து, 'ஐயா, அது நான் எழுதியது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு மெமோ வந்திருக்கும். இரண்டு வருஷம் இன்க்ரிமென்ட் நின்றிருக்கும். நான் அந்தத் தொப்பியின் விளிம்பில் இருந்த தையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எழுதறப்ப தப்பாப் போச்சுங்க சார்" என்றார் மாமா. "எனக்கு இங்கிலீஷ் வராது. என் தப்புதான்."

பிறகு அவரே கேட்டார். "அஞ்சு நிமிஷம் குடுங்க சார். பசங்களுக்கு என்னா சொல்லிக் குடுப்பேன்னு காட்டிட்றேன். அதோ அவங்க எல்லாரும் என்னைப் புடிக்கட்டும்."

அவர் காட்டிய இடத்தில் மற்ற மனுதாரர்கள் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் இளவட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒருத்தன் மட்டும் கதவு மாதிரி இருந்தான். காலையிலிருந்து பதினோரு பேர் பந்தை உதைத்ததைப் பார்த்துக் களைத்திருந்த இன்ஸ்பெக்டர், "சரி" என்றார்.

வேலிக்கு அந்தப்புறம், பூவரச மரத்தடியில், தூக்குப் பாத்திரத்தோடு அக்கா வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன். மாமாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். மாமா அவளைப் பார்க்கவில்லை.

அவர் பந்தை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் நடந்தார். ஒரு பக்கம் தாங்கித் தாங்கி, தபாலாபீசுக்குப் போகிறவர் மாதிரி. பையன்கள் சிரித்துக்கொண்டே நெருங்கினார்கள். திடீரென்று அவர் கோட்டோரம் இருந்தார். எப்படிப் போனார் என்று நான் பார்க்கவில்லை; யாரும் பார்க்கவில்லை. முதல் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன் நெஞ்சில் உள்ளங்கை விழுந்தது. "பார்தோன்" என்று தெளிவாகக் கேட்டது. அவன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நாலாமவனுக்கும் ஒரு பார்தோன். கோட்டுக்கும் ஆட்களுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அகலம்கூட இல்லை. அந்த அகலத்துக்குள் அவர் உள்ளே வந்தார், வெளியே போனார், மறுபடி உள்ளே வந்தார். வெள்ளைச் சுண்ணாம்பு மீது ஒரு கால் தடம் இல்லை. கடைசியில் அந்தக் கதவு. கதவு இரண்டு கையையும் விரித்தது. மாமா நின்றார். கதவு பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் அவர் இல்லை. மூலைக்கொடிக்கு இந்தப்புறம் நீளவாக்கில் பறந்து, சேற்றில் வழுக்கிக்கொண்டே போய், ஒற்றைக் கையால் பந்தைத் தரையில் அழுத்தினார்.

பியூன் ஒருவன் மட்டும் கை தட்டினான். இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு, கொசு அடித்த மாதிரி முடித்துக்கொண்டான்.

மாமா எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று. முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோ" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். "மனுதாரர் தொடக்கம் முதல் முடிவு வரை பந்தைக் கையால் தொட்டார். கால்பந்தின் ஆரம்ப விதிகளையே அறியாதவர்."

எழுதினேன்.

"அறியாதவர், அதுக்குக் கீழ கோடு போடு."

போட்டேன். நேராக வந்தது.

வேலை கிடைத்தவர் அன்று மைதானத்துக்கே வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சீட்டு அனுப்பியிருந்தார். சான்றிதழில் நாலு முத்திரை இருந்தது.

அக்கா கேட்டது

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே போனேன். மாமா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். அக்கா முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் அவரைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"ஓடினாராமே?" என்றார் அப்பா மூலையிலிருந்து.

அக்கா உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

"கால்பந்துன்னு எழுதினது யாரு?" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"விடு ருக்கு" என்றார் மாமா.

"நான்தான்க்கா. கெடு முடியப் போவுது, அட்டவணையில வேற..."

"அத அங்க சொன்னியா?"

நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"நீ தொப்பியப் பாத்துக்கினு நின்ன. நான் மரத்தடியிலதான் இருந்தேன்." அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்: "எழுதிக் குடுங்க. பிரெஞ்சுன்னே எழுதிக் குடுங்க. நானும் வரேன்."

"கப்பல் ஏற மாட்டேன்னியே?"

"இத்தன வருஷமா ஊரே சொல்லுச்சு, அங்க எவளோடயோ இருக்கான்னு. ஓடறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்னு எங்கப்பாவும் சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவள் மறுபடி எண்ணெயைத் தொட்டாள். "இன்னிக்குப் பாத்தேன். இதுக்குக் குடுப்பான்."

அப்பா எழுந்து வெளியே போனார். அவருக்கு யூனியன் அனுபவத்தில் இப்படி ஒரு கோரிக்கை வந்ததில்லை.

"முட்டி போச்சு ருக்கு. இனிமே அங்க டப்பா அடைக்கிற வேலதான்" என்றார் மாமா.

"சரி, டப்பா அடைங்க. நீங்க யாருன்னு அங்க நாலு பேருக்குத் தெரியும்ல? இங்க எவனுக்குத் தெரியும்?"

கடற்கரைச் சாலை

எழுதிக் கொடுக்கிற இடம் கடற்கரைச் சாலையில் ஒரு மஞ்சள் கட்டடம். வாசலில் வரிசை. மெடல் குத்திய கிழச் சிப்பாய்கள், தொப்பி வைத்த அம்மாள்கள், எதற்கும் இருக்கட்டும் என்று வந்தவர்கள். நானும் கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. செய்த காரியத்துக்கு இதையாவது செய்வோம், நல்ல பிரெஞ்சில் எடுத்துச் சொல்வோம் என்று நானாகவே ஒட்டிக்கொண்டேன். புதுச் சட்டை வேறு போட்டிருந்தேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார இளைஞர். மாமாவின் தாளை வாங்கினார். பிறகு அக்காவைப் பார்த்து, அம்மணி இதைத் தம் சொந்த விருப்பத்தில் செய்கிறாரா, இதன் விளைவுகள் அவருக்குத் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. "அவரு சொல்லட்டும்."

மாமா இளைஞரிடம் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அக்காவுக்குத் தமிழில் சொன்னார். அவருடைய பிரெஞ்சு பட்டாளத்திலும் சேற்றிலும் கற்றது. இலக்கணம் எங்கெங்கோ உடைந்து தன் இஷ்டத்துக்குக் கூடியிருந்தது. ஆனால் விளைவுகளை அவர் அட்டவணை பார்த்துச் சொல்லவில்லை. குளிரும், பாஷை தெரியாது, கடைக்குக்கூடத் தனியாகப் போக முடியாது, அப்பா செத்தால் வர முடியாமல் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மழ பேயுமா?" என்றாள் அக்கா.

"பேயும்."

"சேறா இருக்குமா?"

"கணுக்கால் வரைக்கும்."

"சரி" என்று சொல்லிவிட்டு அந்த இளைஞரை நேராகப் பார்த்து, "உவி" என்றாள், பிரெஞ்சில் 'ஆமாம்' என்று. தமிழில் கையெழுத்துப் போட்டாள். ருக்குமணி என்று, புள்ளியைக்கூட விடாமல்.

இளைஞர் மை ஒற்றினார். பிறகு, பக்கத்தில் புதுச் சட்டையோடு நிற்கும் என்னைப் பார்த்து, "நீங்கள் யார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"மொழிபெயர்ப்பாளர்" என்றேன், சுத்தமான பிரெஞ்சில்.

அவர் மாமாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.